ரூகரா, சி.இசட்டா? முதல் .22 வாங்குமுன் ஒரு கணக்கு

என் ரூகர் 10/22 ரைஃபிளை 280 டாலருக்கு வாங்கினேன். பதினான்கு மாதம் கழித்து அதற்கு வாங்கிப் போட்ட சாமான்களின் ரசீதுகளை ஒருநாள் உட்கார்ந்து கூட்டினேன். 430 டாலர் வந்தது; ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தனி. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இவ்வளவு செலவழித்தும், 50 கஜ தூரத்தில் அந்தத் துப்பாக்கி கண்கூடாகத் திருந்தியது ஒரே ஒரு சனிக்கிழமைதான். அன்று நான் மாற்றியது எந்தப் பாகத்தையும் இல்லை, தோட்டா வகையை.

டெக்சாஸுக்கு வந்து பல வருடம் ஆன நம்மவர்களில் சிலர் இப்போது ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, போக ஆரம்பித்திருக்கிறார்கள். "முதல்ல எது வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கான பதில்தான் இது: .22 என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் ரைஃபிள்களில் ரூகர் 10/22-ஆ, சி.இசட். 457-ஆ என்று. வேட்டைக்கோ வீட்டுப் பாதுகாப்புக்கோ இதில் ஒன்றும் இல்லை. காகிதத்தில் ஓட்டை போடுவதும், இரும்புத் தகட்டில் 'டங்' என்று சத்தம் கேட்பதும், குறைந்த செலவில். அவ்வளவுதான்.

கடைக்குப் போகுமுன் ஒரு விஷயம். எச்-1பி மாதிரி குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்களுக்கு, துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது 'வைத்திருப்பது'தான். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. நண்பன் கூப்பிட்டான் என்று போய் நின்று, பிறகு குடியுரிமை விண்ணப்பத்தில் சிக்கிக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால் வக்கீலைக் கேளுங்கள், கடைக்காரரைக் கேட்காதீர்கள். மாநிலச் சட்டங்கள் வேறு தனி: நியூ ஜெர்ஸியில் ரைஃபிள் வாங்கவே முன்கூட்டி ஓர் அடையாள அட்டை எடுக்க வேண்டும், டெக்சாஸில் அது கிடையாது.

ஏன் .22?

விலைதான் முதல் காரணம். இந்தத் தோட்டாவின் முழுப்பெயர் .22 லாங் ரைஃபிள். 1887-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது, அளவு இன்றும் அதேதான். பெரிய தோட்டாக்களில் அடிப்பக்கத்தின் நடுவில் ப்ரைமர் என்று ஒரு குட்டிக் கிண்ணம் தனியாக இருக்கும். இதில் அது கிடையாது. பித்தளைக் குப்பியின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று வெளியே மடிந்திருக்கும். பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்பின் மடிப்புக்குள்ளேயே தடவியிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். ரிம்ஃபயர் என்ற பெயரே அதனால்தான். செய்வது சுலபம், ஆகவே மலிவு. சுட்ட குப்பியை மறுபடி நிரப்பிப் பயன்படுத்த முடியாது என்பது ஒரு குறை. விளிம்பைச் சுற்றி மருந்து சீராகப் பரவாமல் போனால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்து வெடிக்காமல் இருப்பது இன்னொரு குறை. அப்படி ஆனால் அவசரப்பட்டுத் திறக்கக்கூடாது. குறியை நோக்கியே பிடித்தபடி முப்பது வினாடி நிற்க வேண்டும், சில சமயம் தாமதமாக வெடிக்கும்.

செலவைப் பாருங்கள். நல்ல .22 தோட்டா ஒன்று பத்து சென்ட் சுற்றிக் கிடைக்கிறது. ஏஆர்-15 ரைஃபிள் சாப்பிடும் .223 தோட்டா ஐம்பது சென்ட் பக்கம். ஒரு காலையில் 200 தோட்டா சுட்டால் இங்கே இருபது டாலர், அங்கே நூறு. தோள் உதைப்பு ஏறக்குறைய இல்லை. பதினான்கு வயதுப் பெண்ணுக்கும் எழுபது வயது அப்பாவுக்கும் கொடுக்கலாம். ஆனால் இந்த மலிவு எப்போதும் இருந்ததில்லை. 2013 வாக்கிலும், கொரோனா காலத்திலும் .22 தோட்டா கடைகளில் கண்ணிலேயே படவில்லை. அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அலமாரியில் நாலு பெட்டி கூடுதலாகத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ரூகர் 10/22: நோண்டுகிறவர்களின் துப்பாக்கி

1964-ல் வந்த மாடல். பல லட்சக்கணக்கில் விற்றது, இன்னும் விற்கிறது. செமி ஆட்டோ: ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக ஏறும். பத்து தோட்டா பிடிக்கும் அதன் மேகசின் ஒரு சின்ன அதிசயம். உள்ளே சுழலும் சக்கரம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவும் அதன் பள்ளத்தில் தனித்தனியாக உட்காரும். .22-வின் விளிம்பு ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதுதான் மற்ற மேகசின்களுக்குத் தலைவலி, இங்கே அந்தப் பேச்சே இல்லை. வெளியே துருத்தாமல், தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டையோடு கட்டையாக உள்ளே மறைந்துவிடும்.

ஆனால் இதன் புகழுக்கு உண்மையான காரணம் பேரல் (குண்டு வெளியேறும் குழல்) மாட்டியிருக்கும் விதம். மற்ற பல துப்பாக்கிகளில் பேரலைக் கழற்றப் பட்டறையும், இறுக்கிப் பிடிக்கும் பெரிய வைஸும் தேவைப்படும். இதிலோ 'வி' வடிவ உலோகத் துண்டு ஒன்றை இரண்டு திருகாணி இழுத்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய துண்டை விரித்து, ஆலன் சாவியோடு உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் பேரலை மாற்றிவிடலாம். ட்ரிகர் பெட்டி முழுசாக இரண்டு பின்னில் தொங்குகிறது. பின்னைத் தட்டினால் மொத்தமும் கையில் வந்துவிடும். சட்டப்படி 'துப்பாக்கி' என்று எண்ணிடப்படுவது, மற்ற பாகங்கள் எல்லாம் மாட்டப்படும் நடு உடலான ரிசீவர் மட்டும்தான். பேரல், கட்டை, ட்ரிகர் எல்லாம் கூட்டாட்சிச் சட்டப்படி வெறும் உதிரிபாகம், தபாலில் வீட்டுக்கே வரும். ஒரே எச்சரிக்கை, பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. குறைந்தால் அது வேறு சட்டம், வேறு பதிவு, வேறு சிக்கல். கம்பெனியிலிருந்து வரும் பேரல் பெரும்பாலும் பதினெட்டரை அங்குலம் இருக்கும்.

இந்த வசதிதான் பொறியும்கூட. நான் வாங்கின வரிசையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். முதலில் மேகசினைச் சீக்கிரம் விடுவிக்கும் நீளமான நெம்புகோல், பதினைந்து டாலர். அப்புறம் உள்ளே போல்ட் (தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளி, முன்னும் பின்னும் நகரும் பாகம்) வந்து இடிக்கும் இரும்புக் குச்சிக்குப் பதிலாக ரப்பர் மாதிரி ஒரு குச்சி, பத்து டாலருக்குள். அது 'டக்' சத்தத்தைக் குறைத்தது, வேறு எதையும் செய்யவில்லை. பிறகு ரூகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகர். இது மட்டும் நிஜமாகவே பணத்துக்கு மதிப்பு: ஆறு பவுண்டு அழுத்தம் கேட்ட ட்ரிகர் மூன்றுக்குள் வந்தது, நூறு டாலருக்குக் கீழே. அடுத்து .920 அங்குலத் தடிமனான பேரல். அது பழைய கட்டையின் பள்ளத்தில் உட்காராது என்பதைப் பெட்டி வந்தபிறகுதான் கவனித்தேன். எனவே புதுக்கட்டை. நடுவே யாரோ செய்த 25 தோட்டா மேகசின் ஒன்று மலிவாகக் கிடைத்தது. மூன்று தோட்டாவுக்கு ஒருமுறை மாட்டிக்கொண்டது, குப்பைக்குப் போனது.

10/22-இன் நிஜமான குறை ஒன்று உண்டு. ரிசீவரின் பின்பக்கம் மூடியிருப்பதால் பேரலைச் சுத்தம் செய்யும் கம்பியைப் பின்னாலிருந்து விட முடியாது. முன்வாய் வழியாக விட்டால் அந்த விளிம்பு தேயும் பயம். அதனால் கயிறு மாதிரி இழுக்கும் சாதனம் ஒன்றைப் பயன்படுத்துகிறேன், வேலை நடக்கிறது.

சி.இசட். 457: ஓட்டையைப் பார்க்கிறவர்களுக்கு

செக் நாட்டில் உஹெர்ஸ்கி ப்ரோட் என்ற ஊரில் செய்வது. 452, 455 என்று வந்து, 2019-ல் 457 ஆனது. போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். 457-ல் பிடியை 60 டிகிரி தூக்கினால் போதும்; பழைய மாடல்களில் 90, ஸ்கோப்பில் விரல் இடிக்கும். சேஃப்டியும் இப்போது முன்னே தள்ளினால் சுடும் நிலைக்கு வருகிறது. பழையதில் இது தலைகீழ். செகண்ட் ஹேண்டில் 455 வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

விலை மாடலுக்கேற்ப ஐந்நூறு டாலரைச் சுற்றி. மேகசின் ஐந்து தோட்டா. ட்ரிகர் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே நன்றாக இருக்கும், அழுத்தத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கலாம். இதிலும் பேரலை வீட்டிலேயே மாற்றலாம்; .17 எச்எம்ஆர் பேரல் போட்டு அந்தத் தோட்டாவுக்கும் மாறலாம். ஆனால் சி.இசட். வைத்திருக்கிற என் நண்பர்கள் யாரும் மாற்றுவதில்லை. மாற்றத் தோன்றுவதில்லை என்பதுதான் அதன் குணம்.

என் ஆபீஸ் நண்பர் 457 வர்மின்ட் மாடல் வைத்திருக்கிறார். என் 280 + 430 கணக்கு 710 ஆகிறது. அவருடையது, கடையில் கொடுத்த விலையோடு சரி, அதைவிட நூறு டாலருக்கு மேல் குறைவு. இருவரும் ஒரே மேஜையில், ஒரே தோட்டாவில், 50 கஜத்தில் ஐந்தைந்து குண்டு சுட்டோம். அவருடைய ஐந்தும் அரை அங்குலத்துக்குள், ஒரு பத்து சென்ட் நாணயத்தால் மூடிவிடலாம். என்னுடையது முக்கால் அங்குலம் தாண்டியது. இத்தனைக்கும் என்னுடையது தடித்த பேரல், புது ட்ரிகர், எல்லாம் போட்ட துப்பாக்கி.

ஆக, 10/22-ஐ வாங்கி அதைச் சி.இசட். ஆக்கப் பார்க்காதீர்கள். பணம் அதிகம், பலன் குறைவு. நோண்டுவதே உங்களுக்குச் சுகம் என்றால் 10/22 வாங்குங்கள். அது பொம்மை ரயில் சேர்ப்பது மாதிரி ஒரு தனிச் சந்தோஷம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காகிதத்தில் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், முதல் நாளே போல்ட் ஆக்‌ஷன்.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் ரேஞ்ச் எத்தனை கஜம்? பெரும்பாலான உள்ளரங்கு ரேஞ்சுகள் 25 கஜத்தோடு முடிந்துவிடும். அந்தத் தூரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் உங்கள் கைநடுக்கத்தில் கரைந்துபோகும். வெளியே 50, 100 கஜம் கிடைத்தால்தான் சி.இசட்டுக்குக் கொடுத்த காசு தெரியும்.

அந்தச் சனிக்கிழமை

தோட்டா விஷயத்துக்கு வருகிறேன். அதுவரை நான் சுட்டது மொத்தமாக வரும் பெரிய டப்பா, 36 கிரெயின் (குண்டின் எடை அளவு), மிக வேகமானது. தடித்த பேரலைப் போட்டபிறகும் ஐந்து ஓட்டைகளும் விழும் பரப்பு இரண்டு அங்குலத்துக்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை. ரேஞ்சில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு வயதான வெள்ளைக்காரர். என் டப்பாவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் பெட்டியிலிருந்து பத்து தோட்டா எடுத்து வைத்தார். சிசிஐ கம்பெனியின் 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' என்ற மெதுவான வகை, 40 கிரெயின். முதல் ஐந்து சுமார்தான். அடுத்த ஐந்து ஓர் அங்குலத்துக்குள் போய் உட்கார்ந்தன.

மறுவாரம் நாலு வகை வாங்கிக்கொண்டு போனேன். வகை மாற்றும்போதெல்லாம் முதல் பதினைந்து குண்டைக் கணக்கில் எடுக்கக்கூடாது. பழைய தோட்டாவின் மெழுகு பேரலுக்குள் ஒட்டியிருக்கும், புதுசு பழக வேண்டும். பெரிய டப்பா கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். சிசிஐ மினி-மேக் ஒன்றரை. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே. ஜெர்மனியின் எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் முக்கால் அங்குலம். அப்புறம் ஒரு விஷமத்தனம் தோன்றியது. வீட்டுக்கு வந்து அதே பழைய மெல்லிய பேரலைத் திரும்ப மாட்டி, அடுத்த வாரம் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில் சுட்டேன். ஓர் அங்குலமும் கொஞ்சமும். அதாவது அந்தத் தடித்த பேரலும் புதுக்கட்டையும் சேர்ந்து எனக்குக் கொடுத்தது கால் அங்குலம்கூட இல்லை. தோட்டா கொடுத்தது முழுசாக ஓர் அங்குலம்.

காரணம் ஒலியின் வேகம். அது வினாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி. வேகமான .22 குண்டு 1,200-க்கு மேலே கிளம்பி, இலக்கை எட்டுமுன்பே ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும். அந்தத் தடையைத் தாண்டும்போது குண்டு குலுங்கும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070-ல் கிளம்புகிறது, தாண்டவே வேண்டியதில்லை. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் சுடுகிறவர்கள் மெதுவான தோட்டாவைப் பயன்படுத்துவது இதனால்தான். காற்றடிக்கும் நாளில், வேகமான தோட்டாதான் மெதுவானதைவிட அதிகம் ஒதுங்கும் என்பது நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். ஒலிவேகத்தை ஒட்டி அதன் மீது விழும் இழுவை அவ்வளவு.

எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே மாடல், அடுத்தடுத்த எண், இரண்டும் வேறு வேறு தோட்டாவைக் கேட்கும். ஆகவே பாகம் வாங்க வைத்திருக்கும் முதல் அறுபது டாலரை ஐந்து வகைத் தோட்டாவுக்குக் கொடுங்கள். மெதுவான தோட்டாவில் செமி ஆட்டோ சில சமயம் முழுசாக இயங்காமல் குப்பியைக் கவ்விக்கொள்ளும். என் 10/22 அப்படிச் செய்வது நூற்றுக்கு ஒன்று இரண்டுதான். போல்ட் ஆக்‌ஷனுக்கு இந்தக் கவலை கிடையாது.

மற்றவை

பட்ஜெட் முந்நூறுக்குள்தான், ஆனால் குறி வேண்டும் என்றால் சேவேஜ் மார்க் 2. கனடாவில் செய்வது. அழுத்தத்தை நாமே மாற்றிக்கொள்ளும் அக்யூட்ரிகர் இருக்கிறது. போல்ட் கொஞ்சம் கரகரவென்று நகரும், பிளாஸ்டிக் கட்டை கையில் மலிவாகத்தான் இருக்கும். காகிதத்துக்கு அதெல்லாம் தெரியாது. காசுக்கு ஓட்டை என்று பார்த்தால் இதுதான் முதலிடம் என்பது என் கட்சி.

ஹென்றி லீவர் ஆக்‌ஷன், கவ்பாய் படத் துப்பாக்கி மாதிரி கீழே நெம்பி நெம்பிச் சுடுவது. துல்லியம் சுமார், மாற்ற அதிகம் இல்லை, ஆனால் இதை எடுத்துப்போனால் சுற்றியிருக்கிற எல்லோரும் ஒருமுறை கேட்டு வாங்கிச் சுடுவார்கள். மார்லின் 60 ஒரு காலத்தில் 10/22-க்கு நேர்ப்போட்டி. இப்போது பழையது கிடைத்தால்தான் உண்டு. பேரலுக்குக் கீழே குழாயில் தோட்டா போடுவது, குழந்தைகளோடு போனால் பொறுமை வேண்டும். பணம் இன்னும் இருந்தால் பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ் இருக்கிறது. அதைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, ஆகவே நான் எடுப்பதில்லை.

.17 எச்எம்ஆர், .22 மேக்னம் இரண்டும் ரிம்ஃபயர்தான், ஆனால் தோட்டா விலை இரண்டு மூன்று மடங்கு. மலிவுக்காக வருகிறவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சாமான் வாங்குவதா வேண்டாமா

ஸ்கோப் வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு விஷயம் பாருங்கள்: பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்பில் பேரலாக்ஸ், அதாவது கண்ணை அசைத்தால் குறிக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோலத் தெரியும் குழப்பம், பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்திருக்கும். .22-க்கு 50 கஜத்துக்கு வைத்ததோ, திருகிச் சரிசெய்யக்கூடியதோ வேண்டும். 50-ல் நேராக வைத்தால் 100-ல் குண்டு ஆறேழு அங்குலம் கீழே விழும். அதை எண்ணிச் சுடுவதே ஒரு தனி விளையாட்டு. ஒரு நல்ல தோள்வார் வாங்குங்கள். மணல் மூட்டைக்கு இருபது டாலர் கொடுங்கள். தெரிந்தவரிடம் ஒருநாள் கற்றுக்கொள்ளுங்கள். 'ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட்' என்று இரண்டு நாள் பயிற்சி பல ஊர்களில் நடக்கிறது, 25 மீட்டரில், .22-ஐ வைத்தே. அங்கே போகிறவர்களில் பலர் கையில் 10/22 இருக்கும்.

வீட்டில் காலியாக ட்ரிகர் இழுத்துப் பழகலாம். ஆனால் ரிம்ஃபயரில் உள்ளே தோட்டா இல்லாவிட்டால் ஊசி பேரலின் விளிம்பை இடிக்கும் அபாயம் சில மாடல்களில் உண்டு. 10/22-க்குப் பரவாயில்லை என்று அதன் கையேடே சொல்கிறது. மற்றதற்கு, சுவரில் திருகாணி போட வைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர் ஒன்றைத் தோட்டாவுக்குப் பதிலாக வைக்கிறார்கள். கன கச்சிதமாக உட்காரும், நூறு ஆங்கர் ஐந்து டாலர். அந்த நேரத்தில் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது, பக்கத்து அறையில் பூட்டிவிட்டு வாருங்கள்.

காது, கண் இரண்டுக்கும் காப்பு கட்டாயம். .22 சின்னதுதான் என்று காதை விடாதீர்கள். அதைவிட நம் ஆட்கள் மறப்பது ஈயம். குண்டும் ஈயம், பற்றவைக்கும் மருந்திலும் ஈயம். ரேஞ்சிலேயே சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவாமல் சமோசாவைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றிவிட்டுத்தான் சின்னப் பிள்ளைகளைத் தூக்க வேண்டும்.

போன மாதம் கேட்ட நண்பர் கடைசியில் சேவேஜ் வாங்கினார். மிச்சமான காசில் ஒரு சுமாரான ஸ்கோப்பும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ஆயிரமும். என் தடித்த பேரலும் அகலக்கட்டையும் இப்போது அலமாரிமேல் ஒரு ஷூ டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. 10/22-இல் பழைய மரக்கட்டையும் மெல்லிய பேரலும் திரும்ப ஏறிவிட்டன, பிஎக்ஸ் ட்ரிகர் மட்டும் தங்கிவிட்டது. ஒன்றரைப் பவுண்டு எடை குறைந்ததால் மகளால் நின்றபடி பிடிக்க முடிகிறது. தகட்டில் விழுந்தால் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், விழாவிட்டால் ஸ்கோப்பைக் குறை சொல்கிறாள்.